குடிபெயரும் குழந்தைகளும் மீண்டும் வரும் மலேரியாவும்

மலேரியாக் காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்த குழந்தைக்கு ஆறு அல்லது எட்டு வாரங்கள் கழித்து அதே காய்ச்சல் திரும்பவும் வருமானால், பழி வழக்கமாக மூன்று இடங்களில் சுமத்தப்படுகிறது. மருந்து தரமற்றது என்பார் சிலர். தாய் மருந்தை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்பார் வேறு சிலர். வந்து குடியேறிய இடத்தின் கொசுக்களே காரணம் என்பார் மற்றும் சிலர். இம்மூன்றும் சில வேளைகளில் உண்மையாக இருக்கலாம். ஆனால் மருந்தும் நல்லதாக இருந்து, தாயும் கவனமுள்ளவளாக இருந்து, புதிய இடத்தில் ஒரு கொசுக்கூடக் கடிக்காமல் இருந்தாலும் காய்ச்சல் திரும்பி வர முடியும் என்பதைச் சுகாதாரப் பணியாளர்களிலேயே பலர் போதிய அளவு நினைவில் கொள்வதில்லை. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களின் காடு சார்ந்த மாவட்டங்களிலிருந்து நகரங்களின் கட்டட வேலைக்கும் செங்கற்சூளை வேலைக்கும் பெற்றோருடன் செல்லும் குழந்தைகளிடம் இந்த நிலை குறிப்பாகக் காணப்படுகிறது.

இது ஒரு சிறிய மருத்துவ நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு 7½ கோடிப் பேர் மலேரியாவால் பாதிக்கப்பட்டனர் என்றும், அவர்களில் 8 லட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953 ஆம் ஆண்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1958 இல் அது ஒழிப்புத் திட்டமாக மாற்றப்பட்டது. 1965 ஆம் ஆண்டில் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்து, ஒருவரும் இறக்கவில்லை எனப் பதிவாயிற்று. பணி முடிந்துவிட்டது என்ற எண்ணம் பரவியது. பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1976 இல், எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. இந்த வீழ்ச்சியின் விளைவாகவே 1977 இல் திருத்திய செயல்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஏற்ற இறக்கங்கள் பலவற்றைக் கடந்து, 2015 இல் ஏறத்தாழ 11.7 லட்சமாக இருந்த நோயாளிகள் 2023 இல் ஏறத்தாழ 2.3 லட்சமாகக் குறைந்துள்ளனர். 2027 க்குள் உள்நாட்டில் தொற்றும் நோயை அறவே நிறுத்துவது, 2030 க்குள் மலேரியாவை நீக்குவது என்பது 2016 இல் வகுக்கப்பட்ட தேசியச் செயல்முறையின் குறிக்கோள் ஆகும். நோயாளிகள் கோடிக்கணக்கில் இருந்தபோது திரும்பி வரும் காய்ச்சல் கணக்கில் ஒரு துளி. எண்ணிக்கை சுருங்கச் சுருங்க அத்துளியின் பங்கு பெருகுகிறது.

திரும்பி வருவது எவ்வாறு?

ஒரு முறை குணமானதாகத் தோன்றிய மலேரியா மூன்று வழிகளில் திரும்பக்கூடும். முதலாவது, மருந்து போதாமையாலோ மருந்தை எதிர்க்கும் ஆற்றலைக் கிருமி பெற்றுவிட்டதாலோ இரத்தத்தில் எஞ்சிய கிருமிகள் மறுபடியும் பெருகுவது. இதை மீளெழுச்சி எனலாம். இரண்டாவது, புதிய கொசுக்கடியால் வரும் புதுத்தொற்று. மூன்றாவது, இரத்தத்தில் ஒரு கிருமியும் இல்லாதபோது, கல்லீரலில் உறங்கிக் கிடந்த கிருமி விழித்தெழுந்து இரத்தத்தில் புகுவது. இதுவே உண்மையான மறுதாக்கம் ஆகும்.

நம் நாட்டில் பெருவாரியாகக் காணப்படும் இருவகை மலேரியாக்களில், உயிருக்கு அதிக ஆபத்து விளைவிக்கும் ஃபால்சிபேரம் வகைக்கு இந்த உறக்க நிலை இல்லை. வைவாக்ஸ் வகைக்கு உண்டு. தொற்றுள்ள அனோபிலிஸ் கொசு கடிக்கும்போது உடலுக்குள் செல்லும் கிருமிகள் முதலில் கல்லீரலை அடைகின்றன. அவற்றுள் ஒரு பகுதி உடனே பெருகி, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கிக் குளிர்காய்ச்சலை உண்டாக்குகிறது. மற்றொரு பகுதி கல்லீரல் உயிரணுக்களுக்குள் வளராமல் ஒடுங்கி நிற்கிறது. கல்லீரலில் கிருமி ஒரு பருவத்தைக் கழிக்கிறது என்பதை 1948 இல் இந்திய மருத்துவப் பணியில் நெடுங்காலம் இருந்த ஷார்ட் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர் கார்ன்ஹாமும் மெய்ப்பித்தனர். 1897 இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னரே இந்த இடைவெளி நிரம்பியது. உறங்கும் வடிவத்தைத் தனியாக அடையாளம் காண 1980 களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உறக்கம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது கிருமியின் மரபினத்தைப் பொறுத்தது. வெப்ப நாடுகளின் இனங்கள் சில மூன்று நான்கு வாரங்களிலேயே விழிக்கின்றன. ஆயினும் முதற் சிகிச்சையில் தரப்பட்ட குளோரோகுயின் இரத்தத்தில் பல வாரங்கள் தங்கி நிற்பதால், காய்ச்சல் வெளிப்படுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகிறது. வேறு சில இனங்கள் எட்டு முதல் பன்னிரண்டு மாதங்கள் வரை உறங்குகின்றன. தில்லியில் நடைபெற்ற ஆய்வுகள் இருவகைகளும் நம் நாட்டில் உலவுவதைக் காட்டியுள்ளன.

குடிபெயரும் குடும்பத்தின் நாட்காட்டியோடு இந்தக் கால அளவை ஒப்பிட்டுப் பார்த்தால் சிக்கலின் இயல்பு விளங்கும். மழைக்கால முடிவில் ஒரு குழந்தைக்குச் சொந்தக் கிராமத்தில் தொற்று ஏற்படுகிறது. உடனே காய்ச்சல் வந்து சிகிச்சையும் கிடைத்துவிடுகிறது. அறுவடை முடிந்ததும் பெற்றோர் முன்பணம் பெற்றுக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நகருக்குச் செல்கின்றனர். அங்கே கட்டடத் தளத்துக் கொட்டகையில் குழந்தைக்கு மீண்டும் காய்ச்சல் வருகிறது. முதற் சிகிச்சை பற்றிய தாள் இல்லை; இருந்தாலும் அது வேறு மொழியில் இருக்கும். நகர மருத்துவருக்கு அது புதிய நோய். கிராமத்துச் சுகாதாரப் பணியாளரின் பதிவேட்டிலோ அக்குழந்தை முழுக் குணமடைந்த கணக்கில் சேர்ந்திருக்கும். இரண்டு பதிவுகளும் தனித்தனியே சரியானவை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் எவரும் இல்லை என்பதே குறை.

இன்னொரு நிலையும் உண்டு. ஒடிசாவின் மலைப்பகுதிகளில் ஃபால்சிபேரம் மிகுதி. அதனுடன் வைவாக்ஸும் கலந்து காணப்படுகிறது. பரிசோதனையில் ஃபால்சிபேரம் மட்டும் தென்பட்டு, அதற்குரிய ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து தரப்பட்ட பிறகு, சில வாரங்களில் வைவாக்ஸ் காய்ச்சல் எழுவது இருவகையும் உலவும் பகுதிகளில் அடிக்கடி காணப்படுகிறது. முந்தைய கடிகளில் கல்லீரலில் சேர்ந்த கிருமி அப்போது விழித்துக்கொள்கிறது. ஃபால்சிபேரத்துக்கு பிரைமாகுயின் ஒரே ஒரு வேளைதான் கொடுக்கப்படுகிறது. அது இரத்தத்திலுள்ள பாலின வடிவங்களை அழித்து நோய் கொசுவுக்குப் பரவுவதைத் தடுப்பதற்கே. உறங்கும் கிருமியை அந்த ஒரு வேளை மருந்து தொடுவதில்லை.

பதினான்கு நாள் மருந்து

குளோரோகுயின் மூன்று நாட்களில் இரத்தத்திலுள்ள வைவாக்ஸ் கிருமிகளை ஒழித்துவிடும்; கல்லீரலில் உறங்குபவற்றை அது ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு நெடுங்காலமாக உள்ள மருந்து பிரைமாகுயின் ஆகும். உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் கால் மில்லிகிராம் வீதம் நாள்தோறும் பதினான்கு நாட்கள் கொடுப்பது தேசிய நெறிமுறை. நம் திட்டத்தில் பல பத்தாண்டுகள் ஐந்து நாள் முறையே கையாளப்பட்டது. பதினான்கு நாட்கள் ஒருவரைத் தொடர்ந்து கவனிக்க ஆளில்லை என்ற நிர்வாகக் காரணமே அதன் பின்னால் பெரிதும் இருந்தது என்று கூற வேண்டும். ஐந்து நாள் மருந்தால் மறுதாக்கம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று ஆய்வுகள் காட்டிய பின்னரும் அது சிலகாலம் தொடர்ந்தது. புதிய நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குள்தான் பதினான்கு நாள் முறை நாடு முழுவதற்கும் விதியாயிற்று.

விதி மாறியதால் நடைமுறை மாறிவிடவில்லை. மூன்றாம் நாளே காய்ச்சல் நீங்கி விளையாடத் தொடங்கும் குழந்தைக்கு மேலும் பதினோரு நாட்கள் கசப்பு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பதைத் தாய்க்கு விளக்கிச் சொல்பவர் வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிற்றுவலி வரும். ஆகவே உணவுக்குப் பின் கொடுக்க வேண்டும். காலை எட்டு மணிக்குச் செங்கல் சுமக்கச் செல்லும் தாய், குழந்தையைப் பெரும்பாலும் ஏழெட்டு வயது அக்காளிடம் விட்டுச் செல்கிறாள். மருந்தைக் கொடுக்கும் பொறுப்பும் அவளுடன் சேர்ந்து அச்சிறுமிக்கே போய்விடுகிறது.

மருந்தின் அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. களத்தில் எடை பார்க்க வசதியில்லாததால் வயதுப் பிரிவுகளின்படி மாத்திரை வழங்கப்படுகிறது. 2013 ஆம் ஆண்டு நெறிமுறையின் அட்டவணைப்படி ஒன்று முதல் நான்கு வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. ஐந்து முதல் எட்டு வயது வரை இரண்டு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு மாத்திரை மிகச் சரியான அளவு. அதே பிரிவில் உள்ள நான்கு வயதுக் குழந்தை பதினான்கு கிலோ எடை இருக்குமானால் அதற்கு நாளுக்கு 3.5 மில்லிகிராம் தேவை. பதினான்கு நாட்களில் 49 மில்லிகிராம் செல்ல வேண்டிய இடத்தில் 35 மட்டுமே செல்கிறது. தவறாமல் எல்லா நாளும் மருந்துண்ட குழந்தைக்கும் பத்தில் மூன்று பங்கு மருந்து குறைகிறது. போதாக்குறைக்கு, எடைக்கேற்பக் கொடுத்தாலும் சிறு குழந்தைகளின் இரத்தத்தில் இம்மருந்தின் அளவு பெரியவர்களைவிடக் குறைவாகவே இருக்கிறது என்று ஆய்வுகள் தெரிவிக்கின்றன. கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம் ஏழு நாட்களில் கொடுத்து முடிக்கும் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் ஏற்றுள்ளது. நாட்கள் பாதியாகின்றன, ஆனால் நாளொன்றுக்குச் செல்லும் அளவு இரட்டிப்பதால் அடுத்துக் கூறப்படும் அபாயத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இரத்தத்தில் ஒரு குறைபாடு

இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்னும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அத்தகையோர் பிரைமாகுயின் உண்டால் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை ஏற்படும்; சிறுநீர் கறுத்துப் போகும்; கண் மஞ்சளாகும். கடுமையான நிலையில் உயிருக்கே ஆபத்து. 1950 களில் அமெரிக்காவில் இம்மருந்தை ஆராய்ந்தபோதுதான் அந்த நொதிக் குறைபாடே கண்டறியப்பட்டது. தாய் வழியாக வரும் இக்குறைபாடு ஆண் குழந்தைகளிடம் மிகுதியாக வெளிப்படும். நம் நாட்டில் இது சமூகத்துக்குச் சமூகம் மிகவும் வேறுபடுகிறது: சில பிரிவினரிடம் அறவே இல்லை, சில பழங்குடியினரிடம் நூற்றுக்கு இருபதுக்கும் மேல். மலேரியா நெடுங்காலமாக நிலைத்திருக்கும் பகுதிகளிலேயே இக்குறைபாடும் மிகுந்திருப்பது தற்செயலன்று. இக்குறைபாடு மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பளித்ததால் அங்கு தலைமுறை தலைமுறையாக நிலைத்தது என்பது அறிஞர் கருத்து. ஆக, மருந்து யாருக்கு மிகத் தேவையோ அவர்களிடையே அதைத் தாங்க முடியாதவர்களும் மிகுதி.

இதற்கான சோதனை பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கும். கட்டடத் தளத்துக்கு அருகிலுள்ள சிறு மருத்துவ நிலையத்தில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இதனால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. சில மருத்துவர்கள் அச்சத்தால் குழந்தைகளுக்கு பிரைமாகுயின் எழுதுவதையே தவிர்க்கின்றனர், மறுதாக்கம் தொடர்கிறது. வேறு சிலர் எச்சரிக்கை ஒன்றும் கூறாமல் பதினான்கு நாள் மாத்திரைகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தாயிடம் கொடுத்து அனுப்பிவிடுகின்றனர். சிறுநீர் கறுத்தால் உடனே மருந்தை நிறுத்தித் திரும்பி வர வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தைத் தாயின் மொழியில் சொல்வதற்குச் செலவு ஏதுமில்லை. அதைச் சொல்லாமலிருப்பது மன்னிக்கத்தக்கதன்று.

ஒரே வேளையில் முடிந்துவிடும் டாஃபெனோகுயின் என்ற மருந்து 2018 இல் அமெரிக்காவில் பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கு ஒப்புதல் பெற்றது. 2022 இல் ஆஸ்திரேலியா இரண்டு வயதுக் குழந்தை முதல் அதை அனுமதித்தது. ஆனால் உடலில் நெடுநாள் தங்கும் இம்மருந்தைப் பாதியில் நிறுத்த வழியில்லை. எனவே நொதியின் அளவைத் துல்லியமாகக் காட்டும் சோதனை செய்யாமல் இதைக் கொடுக்கக் கூடாது. சோதனை வசதி இல்லாத இடத்துக்குப் புதிய மருந்து வந்தாலும் பயன் தராது.

செலவு யாருடையது?

மறுதாக்கத்தின் சுமையைப் பொருளாதார நோக்கிலும் பார்க்க வேண்டும். மருந்தின் விலை அற்பம். தாய் இரண்டு நாள் வேலைக்குச் செல்லாமல் இழக்கும் கூலியே குடும்பத்துக்குப் பெருஞ்செலவு. இரண்டு மூன்று முறை காய்ச்சல் வந்த குழந்தைக்கு மண்ணீரல் வீங்குகிறது. முன்பே ஊட்டக்குறைவுள்ள உடலில் இரத்தசோகை முற்றுகிறது. இவை குடும்பம் தாங்கும் இழப்புகள். ஊர் தாங்கும் இழப்பு வேறு. வைவாக்ஸ் கிருமியின் பாலின வடிவங்கள் காய்ச்சல் தொடங்கும்போதே இரத்தத்தில் தோன்றிவிடுவதால், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே குழந்தையிடமிருந்து கொசுவுக்கு நோய் சென்றுவிடலாம். கட்டடத் தளங்களில் கான்கிரீட்டை நனைக்கத் தேக்கிய நீரிலும், மூடியில்லாத தொட்டிகளிலும் நகர மலேரியாவைப் பரப்பும் ஸ்டெபென்ஸி வகைக் கொசு பெருகுகிறது. மங்களூரில் 1990 களில் தொடங்கிய கட்டடப் பெருக்கத்துடன் வைவாக்ஸ் மலேரியா வேரூன்றியதும், மும்பையில் 2010 இல் நோய் பெருகியதும் இவ்வுறவுக்கு எடுத்துக்காட்டுகள். இதைச் சாக்கிட்டு, வந்தேறிய தொழிலாளர் நோயைக் கொண்டுவந்துவிட்டனர் என்று நகரவாசிகள் குறை கூறுவது பாதி உண்மையைக் கூறுவதாகும். கொசு வளரும் நீர்த்தேக்கம் ஒப்பந்தக்காரருடையது. நகரத்தில் பெற்ற நோயை ஊருக்குத் திரும்பக் கொண்டு செல்லும் குடும்பங்களும் உள்ளன.

பதினான்கு நாள் மருந்தைக் கொடுத்து முடிக்கும் உழைப்பு ஒரு தாயினுடையது. அதன் பயன் நகரம் முழுவதற்கும் உரியது. பயன் பொதுவாக இருக்கும்போது செலவும் பொதுவாக ஏற்கப்பட வேண்டும். இதற்கான சட்ட அடிப்படை புதிதன்று. மாநிலங்களுக்கிடையே குடிபெயரும் தொழிலாளர் பற்றிய 1979 ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவ வசதி அளிக்கும் கடமையை ஒப்பந்தக்காரர் மீது சுமத்தியது; அச்சட்டம் 2020 ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்பில் இணைக்கப்பட்டது. கட்டடத் தொழிலாளர் பற்றிய 1996 ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது; கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத் தீர்வையும் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கப்பட்டு வந்துள்ளது. அந்தப் பணம் பல மாநிலங்களில் செலவழிக்கப்படாமல் குவிந்து கிடந்தது யாவரும் அறிந்ததே.

குழந்தைகள் காப்பகமே மருந்தளிக்க மிகப் பொருத்தமான இடம். 1969 இல் மீரா மகாதேவன் தில்லியில் ஒரு கட்டடத் தளத்தில் தொடங்கிய நடமாடும் காப்பகம், தொழிலாளர் இருக்கும் இடத்துக்கே காப்பகம் செல்ல முடியும் என்பதைக் காட்டியது. மதிய உணவு முடிந்ததும் காப்பகப் பணிப்பெண் தன் கண்முன்னே மாத்திரையை விழுங்கச் செய்து, தாளில் ஒரு குறியிடலாம். எடைப் பலகை அங்கு இருப்பதால் வயதைக் கணக்கிட்டு மருந்தளிக்கும் பிழையும் நேராது. மறுநாள் சிறுநீரின் நிறத்தைக் கேட்கவும் அவளால் முடியும். காசநோய்க்கு நேரடிக் கண்காணிப்பில் மருந்தளிக்கும் முறை நம் நாட்டில் பழகிப்போன ஒன்று. ஆறு மாதம் ஒருவரைக் கண்காணிக்க முடிந்த நாட்டில் பதினான்கு நாள் ஒரு குழந்தையைக் கண்காணிப்பது இயலாதது என்று கூற முடியாது.

பதிவேட்டின் பங்கு

மறுதாக்கத்தை அறிய முன்வரலாறு தேவை. கோவாவில் கட்டடத் தொழிலாளருக்கு நலவாழ்வு அட்டை வழங்கும் ஏற்பாடு உண்டு. அத்தகைய அட்டைகள் வேலை செய்பவருக்கே உரியவை, உடன் வரும் குழந்தைக்கு அல்ல. ஆனால் குடிபெயரும் தாய்மார் பலர் எதை விட்டு வந்தாலும் தாய்-சேய் பாதுகாப்பு அட்டையைத் தடுப்பூசிக்காகப் பத்திரமாக எடுத்து வருகின்றனர். மலேரியாவின் வகை, சிகிச்சை தொடங்கிய நாள், கொடுத்த மருந்து, முடித்த நாட்கள், நொதிச் சோதனையின் முடிவு ஆகிய ஐந்து செய்திகளை அந்த அட்டையின் ஓரத்தில் எழுதினாலே அடுத்த மாநில மருத்துவருக்குப் பாதி வழி திறந்துவிடும்.

மற்றொரு பாதி சோதனையில் உள்ளது. இரத்தத் துளியை வைத்துச் சில நிமிடங்களில் முடிவு கூறும் விரைவுச் சோதனை அட்டை, ஃபால்சிபேரம் கிருமி விட்டுச் சென்ற புரதத்தை அடையாளம் காண்கிறது. கிருமி ஒழிந்த பின்னும் அப்புரதம் சில வாரங்கள் இரத்தத்தில் இருக்கும். எனவே அண்மையில் சிகிச்சை பெற்ற குழந்தைக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்தாலும் அட்டை மலேரியா என்றே காட்டக்கூடும். அத்தகைய குழந்தைக்கு நுண்ணோக்கியில் இரத்தப் பூச்சைப் பார்ப்பதே முறையாகும். விரைவுச் சோதனை வந்தபின் நுண்ணோக்கியில் பயிற்சி பெற்றவர்கள் குறைந்து வருவது இவ்வகையில் கவலைக்குரியது.

மேலும், நோயாளிக் கணக்கில் உள்ளூர்த் தொற்று, வெளியிலிருந்து வந்த தொற்று, மறுதாக்கம் எனப் பிரித்து எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. தன் மாவட்டத்தில் நோய் இல்லை என்று காட்ட விரும்பும் அலுவலர் வெளியூர்க் குழந்தையின் காய்ச்சலை விசாரணையின்றி வெளித் தொற்றில் எழுதிவிட்டால், அங்கேயே கொசு வழியாகப் பரவத் தொடங்கிய நோய் கண்ணில் படாமல் போகும். குழந்தை வந்து சேர்ந்த நாள், முன்பு காய்ச்சல் வந்த நாள், அப்போது உண்ட மருந்து என்ற மூன்று கேள்விகளுக்கு விடை பெறாமல் அப்பத்தியை நிரப்பக் கூடாது. விடை கிடைத்ததும் அதைக் குழந்தையின் சொந்த மாவட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்று அதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

எஞ்சியிருப்பது கைக்குழந்தைகளின் நிலை. தேசிய நெறிமுறைப்படி ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு பிரைமாகுயின் கொடுக்கக் கூடாது. எட்டு மாதக் குழந்தைக்கு வைவாக்ஸ் வந்தால் குளோரோகுயின் மட்டும் கொடுத்துக் காய்ச்சலைத் தணிக்கலாம். கல்லீரலில் உறங்குவது அப்படியே இருக்கும். காய்ச்சல் திரும்பும்போதெல்லாம் அதே மருந்தை மறுபடி கொடுப்பதைத் தவிர அதுவரை வழியில்லை. முதல் பிறந்த நாளுக்குப் பின் வரும் மறுதாக்கத்தின்போதாவது எடை பார்த்து, இயன்றால் நொதிச் சோதனையும் செய்து, பதினான்கு நாள் மருந்தைத் தொடங்க வேண்டும். அந்நாள் வருவதற்குள் குடும்பம் இரண்டு தளங்கள் மாறியிருக்கலாம். ஆகவே, "வைவாக்ஸ், பிரைமாகுயின் இன்னும் கொடுக்கப்படவில்லை" என்ற குறிப்பு, குழந்தைக்கு ஓராண்டு நிரம்பும் தேதியுடன், தாயின் கையில் உள்ள அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.